இழப்பவன் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்

“அண்ணாச்சி, நம்ம அரிசிய வாங்கித் திங்குத ஊருக்கு எதிரா நீங்களே எந்திரிச்சுக் கேள்வி கேட்டா, நாளைக்கு நம்ம மூட்டைய எவன் தொடுவான்?”

குற்றாலலிங்கம் பிள்ளையிடம் இப்படிக் கேட்டவர் அவருடைய உடன்பிறந்த தம்பி சுப்பையா பிள்ளை. கேட்ட இடம், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய திருநெல்வேலி டவுன் அரிசி மண்டி. அப்போது நானும் அங்கே இருந்தேன். சென்ற மாதம் ஒரு காலையில் அதே சுப்பையா பிள்ளை பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. தோளில் துண்டு இல்லை. அண்ணனோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆனவர் அவர்.

“வாத்தியாரையா, அண்ணாச்சி போயிட்டாவ” என்றார். பிறகு, “உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு” என்றார்.

செய்தியைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது அந்தப் பழைய கேள்விதான். பிள்ளையவர்களை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவரைச் சட்டசபைக்கு அனுப்பியவர்களும் இருப்பீர்கள். மறுமுறை அனுப்பாதவர்களும் இருப்பீர்கள். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கேள்வி எப்படி எழுந்தது, அதற்கு அவர் என்ன செய்தார் என்பதை உள்ளபடி சொல்லவே எழுதுகிறேன்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீர் பாயும் வயல்கள் அவர்கள் குடும்பத்துக்கு இருந்தன. நெல்லை அவித்துக் குத்திப் புழுங்கலாக்கித் தூத்துக்குடிக்கு ரயிலில் அனுப்புவார்கள். அங்கிருந்து அது கொழும்புக்குக் கப்பலேறும். நம் ஜனங்கள் கண்டிச்சீமை என்று சொல்லும் இலங்கை மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அந்தத் தோட்டங்களில்தான் அந்த அரிசி வேகும். அதைத் தின்பவர்களும் நம் ஜில்லாக்காரர்களே. ஆற்றின் இரு கரையிலிருந்தும் கங்காணிகள் அழைத்துப் போன ஆட்கள். ஒரே ஆற்றின் தண்ணீரில் விளைந்த நெல்லும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மனிதனும் ஒரே கப்பலில் போனார்கள் என்று சொல்லலாம்.

சட்டசபையைப் பெரிதாக்கிச் சர்க்கார் சீர்திருத்தம் செய்தபோது, ஜில்லா போர்டு அங்கத்தினர்களின் வாக்கால் பிள்ளையவர்கள் அதில் நுழைந்தார். துறைமுக வரியைக் குறைக்கச் சொல்லிப் பேசுவார் என்று வியாபாரிகள் நம்பினார்கள். பெயருக்கு முன்னால் ‘கனம்’ என்ற பட்டம் சேர்ந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், “கனம் அண்ணாச்சி வாராவ, அந்தப் பெரிய மூட்டைய அவாள் தலையில ஏத்துலே” என்று அவர் காதில் விழும்படியே கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

சபையில் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுதத் தயக்கம். அதனால் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவார். தமிழில் அவர் சொல்ல, இங்கிலீஷில் நான் எழுதுவேன். சட்டசபையில் கேள்வி கேட்பது எப்படி என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். “ஒரு கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கப்பிடாது வே. சர்க்கார் லேசானதுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததை முழுங்கிரும்” என்பார். நான் அழகாகக் கோத்த வாக்கியங்களை எல்லாம் இப்படி வெட்டி எறிந்திருக்கிறார்.

அவருடைய முதல் வருஷத்தில் வேறொரு ஜில்லாவின் அங்கத்தினர் ஒரு தீர்மானம் கொண்டுவர இருந்தார். கடல் கடந்த தோட்டங்களில் வேலையை விட்டுப் புறப்படுகிறவனைப் பிடித்து ஜெயிலில் போடுகிறார்கள். அந்தச் சட்டம் இருக்கும்வரை நம் ராஜதானியில் ஆள் சேர்க்க விடக்கூடாது என்பது தீர்மானம். பிள்ளையவர்கள் அதை முழுதாக நம்பவில்லை. நம்பாதிருப்பதில் அவருக்கு லாபம் இருந்தது என்பது உண்மை. ஆனால் நம்பாமல் சும்மா இருந்துவிடவும் இல்லை. “நாமளே போயிக் கேட்டுட்டு வந்துருவோம் வாரும்” என்று என்னைக் கூப்பிட்டார்.

சீவலப்பேரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கோயில் கொடைத் திருவிழா. கண்டிச்சீமைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவது கொடைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டுவண்டியில் போனோம். கொட்டகையில் அவர்கள் தனியாகத் தெரிந்தார்கள். கறுப்புக் கோட்டு, புதுக்குடை, சிலர் காலில் பூட்ஸ். பிள்ளையவர்களைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. சுற்றிவளைக்காமல் கேட்டார்.

“ஏலே, அங்கன உங்கள அடிக்கானுவளா? மறியல்ல போடுதானுவளா?” சிறைக்குத் தோட்டத்து ஜனங்கள் வழங்கும் பெயர் மறியல்.

சுடலைமுத்து என்ற மனிதன் கூட்டத்தில் முன்னால் நின்றான். நல்ல வாய்ச்சாலக்காரன். “அங்கன குளிருதான் அடிக்கும் மொதலாளி, தொரை அடிக்க மாட்டாரு” என்றான். கொட்டகையே சிரித்தது. “உங்க அரிசியத் தின்னுட்டுத்தான் இப்படிக் கொழுத்துப் போயிருக்கோம், பாருங்க” என்று பக்கத்தில் நின்றவனின் வயிற்றைத் தட்டிக் காட்டினான் அவன். மற்றவர்களும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். பிள்ளையவர்கள் மனம் குளிர்ந்து திரும்பினார். சபையில் அந்தத் தீர்மானம் வந்தபோது எழுந்து, ‘நான் நேரில் போய்க் கேட்டேன், ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை’ என்று பேசினார். தீர்மானம் தோற்றது. அந்த வருஷம் கொழும்பிலிருந்து முன்னைவிட அதிகமாக அரிசி கேட்டு எழுதினார்கள்.

சில வாரங்கள் சென்றபின், மண்டியில் வண்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில், ஒரு பெண் வந்து கணக்குப்பிள்ளையின் மேசையிலிருந்து எட்டி நின்றாள். பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னாள். சுடலைமுத்துவின் தம்பி மாடசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் அன்று டவுனுக்கு வந்தவன் மண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

“கொடையில வந்து கேட்டியளே மொதலாளி,” என்றாள். “யாரு முன்னால கேட்டிய? சம்பந்தக்காரவுக முன்னாலயில்லா கேட்டிய? எங்க வீட்டுக்காரவுக அண்ணன் மகளுக்கு அன்னைக்கித்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்திருந்தாவ. எந்தம்பி மறியல்ல கெடக்கான்னு அவுக சொல்லுவாவளா?”

பிறகு நடந்ததைச் சொன்னாள். கையில் பிள்ளையோடு அவள் இங்கே இருக்க, புருஷன் தோட்டத்தில் இருந்தான். பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கண்டிச்சீமைக்குப் புறப்பட்ட ஒருவரிடம் சொல்லி அனுப்பினாள். மாடசாமி ஊருக்குப் போக விடைகேட்டான், கிடைக்கவில்லை. கேட்காமல் மலையை விட்டு இறங்கினான். கொழும்பு வந்து சேருமுன் பிடித்துவிட்டார்கள். அவன் மறியலில் இருக்கும்போதே பிள்ளை போய்விட்டது.

“அவனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் பிள்ளையவர்கள்.

“தெரியாது. போறவுக எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், சொல்லிராதீயன்னு. சொன்னா மறுபடி இறங்கிருவாக. மறுபடி மறியலு. நீங்க மெட்ராசுல சொல்லி அவுகள வரவச்சுத் தாங்க மொதலாளி. அங்கன ஒண்ணுமில்லன்னு சொன்னது நீங்கதானாமே?”

அவள் போனபின் வண்டி ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சுடலைமுத்துவை ஆற்றுக்கு அக்கரைத் தோப்புக்குத் தனியாக வரவழைத்தார். அந்த வாய்ச்சாலக்காரன் அங்கே வேறு மனிதனாக இருந்தான். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றான். தானும் ஒருமுறை மறியலில் இருந்ததைச் சொன்னான். “பொண்ணு கல்யாணக் காரியம் மொதலாளி” என்று முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டான். பிள்ளையவர்கள் அவனைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: “தப்பு அவன்மேல இல்ல வே. நான் கேட்ட இடந்தான் தப்பு.”

இதை விளக்க என் வகுப்பிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பாடம் நடத்திவிட்டு, ‘யாருக்கு விளங்கவில்லை? கையைத் தூக்கு’ என்று கேட்டால் ஒரு கையும் எழாது. அவர்களில் ஒரு பையனை மணி அடித்தபின் மரத்தடியில் நிறுத்திக் கேட்டால், தனக்கு எந்த வரியில் தடம் மாறியது என்று அவனே காட்டுவான். எல்லா வாத்தியார்களுக்கும் தெரிந்த விஷயம் இது. மாப்பிள்ளை வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவனிடம் நீ ஜெயிலுக்குப் போனாயா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது நம் ஜில்லாவில் பிறந்த யாருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் இருவரும் அங்கே நின்று சிரித்துவிட்டு வந்தோம்.

அடுத்த கூட்டத்தில் தாமே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். இலங்கை நம் சர்க்காருக்கு உட்பட்டதல்ல. அங்குள்ள சட்டத்தை இங்கே கேட்க முடியாது. ஆனால் ஆள் சேர்ப்பது நம் ஜில்லாவில் நடக்கிறது; அதைக் கேட்கலாம். அந்த வழியில் நாங்கள் எழுதினோம். எழுதி முடித்ததும் நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கொழும்புக்கு அரிசி அனுப்பும் வியாபாரிகளை எல்லாம் மண்டிக்கு வரவழைத்தார். “இதை மெட்ராசுக் கோட்டையில, சபையில வாசிக்கிறதுக்கு முந்தி உங்ககிட்ட வாசிச்சிருதேன்” என்று தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

பிறகு ஒருவர், “ஏன் பிள்ளைவாள், இருக்கிற அரிசிய எல்லாம் குறுக்குத்துறை ஆத்து மீனுக்குக் கொட்டிருவமா?” என்றார். இன்னொருவர், “நீரு கனம் ஆனதுக்கு நாங்க பட்டினி கிடக்கணுமாக்கும்” என்றார். அப்போதுதான் சுப்பையா பிள்ளை எழுந்து, நான் தொடக்கத்தில் எழுதிய கேள்வியைக் கேட்டார். அவர் குரல் நடுங்கியது. அவருக்குக் கல்யாணத்துக்கு நின்ற பெண்கள் இருந்தார்கள். அவர் கேட்டதில் பேராசை இல்லை, பயம் இருந்தது.

பிள்ளையவர்கள் தம்பியையே பார்த்துச் சொன்னார்: “எவனும் தொடமாட்டான் தம்பி. நீ சொல்லுதது நெசந்தான். நஷ்டம் வரும். நான் மறைக்கல. ஆனா அந்த மாடசாமிய மறியல்ல வச்சு அவனுக்குப் போடுத கஞ்சியும் நம்ம அரிசிதான். அத நெனச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு.”

அன்று அவர் அதை வாசித்ததால் ஒரு நன்மையும் வந்தது. மிகவும் கோபத்திலிருந்த ஒரு வியாபாரி, “எல்லாத் தோட்டத்துலயும்னு எழுதியிருக்கீரே, நெசமா வே? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு ரெண்டு தொரைமாரு கேட்டா விட்டுருதானுவ” என்றார். பிள்ளையவர்கள் உடனே என்னைப் பார்த்து, “அத அடியும்” என்றார். ‘எல்லா’ என்ற சொல் போனது. சர்க்கார் பிடித்துத் தொங்க இருந்த ஒரு கொம்பும் அதோடு போனது.

எல்லோரும் எழுந்து போனபின், இவர்களிடம் ஏன் முன்கூட்டிச் சொன்னீர், தடுக்க ஏற்பாடு செய்வார்களே என்று கேட்டேன். “செய்யட்டும். நஷ்டப்படப் போறவன் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாத ஒண்ணை, மெட்ராசுல போயி யாரோ ஒருத்தர் முகத்தைப் பாத்துச் சொல்லுததுல என்ன வே பெரிசு?” என்றார். அன்றுமுதல் கடைசிவரை இதுவே அவருடைய வழக்கமாயிற்று.

விடுமுறையில் நானும் சென்னைக்குப் போய்ச் சபையில் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய முதல் வாக்கியம் நாங்கள் எழுதிக்கொண்டு போனதில் இல்லாதது. ‘முன்பு இந்தச் சபையில் நான் சொன்னது தவறு, கேட்கக்கூடாத இடத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னேன்’ என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தினார், சிரிப்பு அடங்கியபின் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். பிறகு தீர்மானத்தை விளக்கினார். முன்பு இதைக் கொண்டுவந்து தோற்றுப்போன அங்கத்தினர் ஆதரித்துப் பேசினார். சர்க்கார் தரப்பில், முன்னே இவர் சொன்னதையே எடுத்துக் காட்டினார்கள். எந்தப் பேச்சை நம்புவது என்று கேட்டார்கள். மாடசாமி என்பவன் இன்று எங்கே இருக்கிறான் என்று பிள்ளையவர்கள் கேட்டதற்குத் தகவல் இல்லை என்றார்கள். தீர்மானம் தோற்றது.

வெளியே வந்து ரயிலேறினோம். வண்டி நகர்ந்தபின், “அந்தப் பொம்பளைக்கு என்ன சொல்லுவேன்?” என்றார். அவ்வளவுதான்.

எல்லாம் சுப்பையா பிள்ளை சொன்னபடியே நடந்தது. தோட்டக்காரர்களின் கோபத்தால் கொழும்பிலிருந்து அரிசி கேட்டு வருவது நின்றது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மண்டியின் குறுக்கே சுவர் எழுந்தது. அடுத்த தேர்தலில் பிள்ளையவர்கள் நின்றார், தோற்றார். ஊரில் சிலர் அவரைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள். அவர் அவர்களையும் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். பதில் வராது.

மாடசாமி திரும்பியதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெயில் முடிந்ததும் அவனை அதே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்ப விடை கிடைத்தது. அவன் வருகிற செய்தி தெரிந்ததும் பேச்சியம்மாள் பிள்ளையவர்களிடம் வந்தாள். “நான் எப்படிச் சொல்லுவேன் மொதலாளி? என் வாயில வராது” என்றாள். ஒன்றரை வருஷமாகத் தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் காத்து வந்த ரகசியம் அது.

பிள்ளையவர்கள் தூத்துக்குடிக்குப் போனார். நானும் உடன் போனேன். இறங்கியவர்களில் கையில் பலகைப்பெட்டியும் கட்டைவண்டி பொம்மையும் வைத்திருந்தவன் மாடசாமி. முதலாளியே வந்து நிற்பதைக் கண்டு கும்பிட்டுப் பதறினான். பிள்ளையவர்கள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, பொம்மையைப் பார்க்காமல், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“மாடசாமி, உம் பிள்ளை இல்லப்பா. நீ மறியல்ல இருக்கும்போதே போயிட்டு. உன்னை வரவைக்க நான் கேட்டேன், நடக்கல. அதுக்கு முந்தி, அங்கன ஒண்ணுமில்லன்னு மெட்ராசுல சொன்னவனும் நான்தான்.”

அவன் அழவில்லை. “எங்கன வச்சிருக்கு?” என்று கேட்டான். பிள்ளையவர்கள் அவனோடு ரயிலேறி, சீவலப்பேரி போய், ஆற்றோரம் புதைத்த இடம்வரை நடந்தார். பேச்சியம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம். அவன் அந்த வண்டியை மணலில் வைத்துவிட்டு, அதைத் திருப்பித் திருப்பி நேராக நிற்கும்படி செய்துகொண்டிருந்தான். மணல் சரிந்து அது சாய்ந்துகொண்டே இருந்தது.

பிள்ளையவர்கள் அதன்பின் அந்த இடத்தைப் பற்றிப் பேசியதில்லை. அந்தச் சட்டம் இதை எழுதும் இன்றுவரை இருக்கிறது. யுத்தத்தால் கப்பல் குறைந்தாலும் கங்காணிகள் வருவது நிற்கவில்லை. கடைசி வருஷங்களில் உள்ளூர் வியாபாரத்தில் ஏதோ பிழைத்தார். சனிக்கிழமைகளில் வருவது மட்டும் விடவில்லை. இப்போது சபையில் இருக்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கேள்விகளைச் சொல்வார், நான் எழுதுவேன், அவற்றில் எதையாவது யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அனுப்புவதற்கு முன் மட்டும், அதனால் நஷ்டப்படக்கூடிய யாரையாவது தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவார். திட்டு வாங்கிக்கொண்டு வந்து, “ரெண்டு வார்த்தைய மாத்தும் வே, அவன் சொன்னது சரி” என்பார்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளி வைத்தார். ஆற்றில் முழுகிவிட்டுப் படியேறும்போது சுப்பையா பிள்ளை என் பக்கத்தில் வந்தார். ஈரத்தோடு நின்றுகொண்டு, “வாத்தியாரையா, என்னப் பத்தி ஏதாவது சொன்னாவளா?” என்று கேட்டார்.

ஆறுதலாக எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, நடந்ததையே சொன்னேன். “வரச்சொல்லி ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால், ‘சுப்பையா கேட்டது நல்ல கேள்வி வே, அன்னைக்கி மண்டியில அவன் ஒருத்தன்தான் பயத்தை மறைக்காமக் கேட்டான்’ என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.”

சுப்பையா பிள்ளை அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையவர்கள் எனக்கு விட்டுப்போனது ஒன்றுதான். அவர் கேட்ட எதுவும் நிறைவேறவில்லை. அவர் கேட்ட விதம் என்னிடம் இருக்கிறது. அவரை நினைக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தூரத்தில் இருக்கும் யாருக்காகவோ நீங்கள் ஒரு சபையில் நியாயம் கேட்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். புறப்படுமுன், அதனால் இழக்கப்போகிறவர் உங்கள் பக்கத்தில் யார் என்று பாருங்கள். அவரிடம் போய், அவர் முகத்தைப் பார்த்து, அதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.